முதலில் சத்தம், பிறகு பேச்சு

அன்பு மகள் எறும்புக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் உன் கப்பலும் உன்னோடு இயந்திர அறையில் வேலை செய்கிறவர்களும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், இந்தத் தடவை கை வரவில்லை. அப்பா தேறி வருகிறார், தெம்பாக இருக்கிறார் என்று போன கடிதத்தில் எழுதினேனே, அதில் பாதிதான் உண்மை. உடம்பு தேறுகிறது, ஆள் தேறவில்லை. குரல்வளையை எடுத்த இடம் ஆறிவிட்டது, கழுத்தில் விட்டிருக்கிற துளை வழியாக மூச்சு விடப் பழகிவிட்டார், புற்று வேறு எங்கும் பரவவில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான், இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. எழுதிக் காட்டட்டும் என்று நீ வாங்கி வைத்துவிட்டுப் போன வெள்ளைப் பலகை கட்டில் காலில் சாய்ந்து கிடக்கிறது, அதன் பேனா மூடியைக்கூட அவர் திறக்கவில்லை. கஞ்சி வேண்டுமா என்றால் கண்ணை மூடிக்கொள்கிறார், அதை நான் ஆமாம் என்று எடுத்துக்கொள்வதா இல்லை என்று எடுத்துக்கொள்வதா, நீயே சொல். துளைக்கு மேல் கட்டிக்கொள்ள மெல்லிய துணியில் நாடா வைத்து விதவிதமாகத் தைத்துக் கொடுத்தேன், என் தையல் கடையில் வாடிக்கைக்காரர்களின் பேண்ட் எல்லாம் அப்படியே கிடக்கிறது, இவருக்குக் கழுத்துத்துணி தைப்பதே வேலையாகப் போய்விட்டது. நீலம் பிடிக்குமே என்று நீலத்தில் தைத்தேன். கட்டிவிட்டால் பேசாமல் இருக்கிறார், அவிழ்த்தாலும் பேசாமல் இருக்கிறார். பேசாமல் இருக்கிறார் என்று எழுதிவிட்டேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கழுத்தில் அழுத்திப் பிடித்துப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்களே, சின்ன டார்ச் லைட் மாதிரி இருக்குமே, அது பெட்டியோடு அலமாரி மேலே இருக்கிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சரம்மா ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை அவர் கழுத்தில் வைத்துக் காட்டினாள். கரகரவென்று மெஷின் சத்தம்தான் வந்தது, அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். பழகப் பழகச் சரியாகும், வகுப்புக்குக் கூட்டி வாங்க என்று அந்தப் பெண் போன் மேல் போன் போடுகிறாள், இவர் எழுந்து சட்டை போட்டால்தானே கூட்டிக்கொண்டு போக. இப்படியே விட்டுவிட்டால் அப்புறம் முயற்சி செய்ய மனசே வராது, தனக்குள்ளேயே போய்விடுவார் என்று அவள் சொல்கிறாள். உனக்குத்தான் தெரியுமே, வாய் ஓயாத மனுஷன். லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் கம்பெனியில் மற்ற மெக்கானிக்குகளை அனுப்பமாட்டார்கள், உங்கப்பாவைத்தான் அனுப்புவார்கள். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று லிஃப்டுக்குச் சம்பந்தமே இல்லாத கதையாகச் சொல்லும், உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் வெளியே வரும்போது சிரித்துக்கொண்டு வருவார்கள். இப்போது உள்ளே மாட்டிக்கொண்டிருப்பது அவர். கதவுக்கு வெளியே நிற்பது நான். எனக்கு ஒரு ஜோக்கும் தெரியாது எறும்பு, திட்டத்தான் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய போன் டொய்ங் டொய்ங் என்று அடித்துக்கொண்டே இருந்தது, அதன் வாயை அடைக்கலாம் என்று எடுத்தேன். எல்லாம் அந்த ஃபேன் குழு. பழைய டேபிள் ஃபேன்களை வாங்கிப் பிரித்துப் பூட்டுகிற பைத்தியங்கள் இன்டர்நெட்டில் கூட்டம் சேர்ந்திருக்கிறார்கள் என்று நீ ஒருமுறை சிரித்தாயே, அதேதான். பின்னறையில் ஓடுகிறதும் ஓடாததுமாக அத்தனை ஃபேன் நடுவில் உட்கார்ந்துகொண்டு இவர் தனக்குத்தானே சிரிப்பார், எனக்கு எரிச்சலாக வரும். அந்தக் குழுவை நடத்துகிறவரை எல்லோரும் எட்மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள், அவர் போட்டிருக்கிற முதல் சட்டம், முதலில் சத்தம் பிறகு பேச்சு. அதாவது ஃபேனில் கோளாறு என்றால் வாயால் சொல்லக்கூடாது, போட்டோவும் கூடாது, ஃபேனை ஓடவிட்டுச் சத்தத்தைப் பதிவு செய்து போட வேண்டும், மற்றவர்கள் கேட்டுவிட்டு இது பேரிங், இது காயில், இது இறக்கை உரசுகிறது என்று சொல்வார்கள். சத்தம் போடாதவன் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். உங்கப்பாவுக்கு அங்கே புயல் என்று பெயராம். இவர் சத்தத்தைப் பதிவு செய்யும்போது சும்மா இருந்தால்தானே, மேலே பேசிக்கொண்டே இருப்பார். ஒன்றில், இது பேரிங் சத்தமா காயில் சத்தமான்னு சொல்லுங்க, பின்னாடி கேக்குறது மட்டும் மேலிடம், அதை யாராலயும் ரிப்பேர் பண்ண முடியாது என்கிறார், பின்னால் நான் சோறு ஆறுது என்று கத்துவது கேட்கிறது. மேலிடம் என்றால் நான்தான். ஒருவன் துருப்பிடித்த திருகாணியைக் கழற்றுவது எப்படி என்று பாவம் உருப்படியாகக் கேட்டிருக்கிறான், இவர் அதற்கு ஓடுகிற ஃபேனுக்கு அடியில் பூனையைத் தூங்க விடலாமா என்று ஆரம்பித்து வைக்க, அத்தனை பேரும் வேலை வெட்டி இல்லாமல் பூனையைப் பற்றியே பேசியிருக்கிறார்கள், கடைசியில் திருகாணிக்காரனும் தன் பூனையைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டான். எட்மாஸ்டர் வந்து வந்து திட்டுகிறார், ஒருத்தரும் மதிக்கவில்லை. ஆனால் எறும்பு, நான் சொல்ல வருவது அதில்லை. அதில் அவர் குரல் இருக்கிறது. அத்தனையிலும் இருக்கிறது. நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, போனைக் காதில் வைத்துக் கேட்கிறேன். ஃபேன் இரைகிற சத்தத்துக்கு நடுவில் அவர் தொண்டையைச் செருமுவார் பார், அந்தச் செருமல்கூட இருக்கிறது. அந்தச் செருமல்தான் நோயின் ஆரம்பம் என்று இப்போது தெரிகிறது, தெரிந்தும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இது வயிற்றெரிச்சலின் ஆரம்பம்தான். எட்மாஸ்டர் ஒரு அறிவிப்பு போட்டிருக்கிறார். குழுவில் இடம் நிறைந்துவிட்டதாம், புதிதாக வருகிறவர்கள் கோளாறு தேடி வந்தால் குப்பைதான் கிடைக்கிறதாம், அதனால் தலைப்புக்குச் சம்பந்தமில்லாத பேச்சு இருக்கிற பதிவுகளையெல்லாம் பழையதிலிருந்து ஆரம்பித்து இந்தச் சனிக்கிழமை முதல் அழிக்கப்போகிறாராம். சம்பந்தமில்லாத பேச்சு என்றால் அது முழுக்க முழுக்க உங்கப்பா பேச்சு. போன் கடைக்காரரிடம் ஓடினேன், இதைக் கேட்க மட்டும்தான் முடியும், எடுத்து வைக்க முடியாது, நடத்துகிறவர் மனசு வைத்தால்தான் உண்டு என்றார். என் போனை அதன் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்து பார்த்தேன், அதில் நான் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. கடைசியில் வெட்கத்தை விட்டு அவர் போனிலிருந்தே எழுதினேன். வணக்கம், நான் இவருடைய மனைவி, இவருக்கு ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது, இவர் பேசிய பதிவுகளைத் தயவுசெய்து அழிக்க வேண்டாம், எங்களுக்கு வேறு இல்லை என்று எழுதினேன். என்ன பதில் வந்தது தெரியுமா. சிரிக்கிறார்கள். வந்துட்டாங்கய்யா மேலிடம் என்கிறான் ஒருவன். குரல் போச்சுன்னா வீட்டுல இப்பதான் நிம்மதியா இருப்பீங்க என்கிறான் இன்னொருவன். கண்டன்சர் என்று ஒரு பயல் இருக்கிறான், உங்கப்பாவுக்கு அங்கே வலதுகை அவன்தான், அவன் எழுதுகிறான், அண்ணே, பதிவைக் காப்பாத்த இப்படி ஒரு நாடகமா, சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

ஏன் என்று பின்னால் தேடிப் பார்த்தபோதுதான் புரிந்தது. உங்கப்பா அடிக்கடி என்னைப் போலவே அங்கே எழுதியிருக்கிறார். மேலிடம் எழுதுவது, இந்த மனுஷனை எடுத்துக்கொண்டு ஓடுகிற ஃபேன் ஒன்று தர யாராவது தயாரா, இறக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றெல்லாம். அதனால் நான் எழுதினதையும் அவர்தான் எழுதினார் என்று நினைத்துவிட்டார்கள். நீங்களெல்லாம் மனுஷங்கதானா, உங்க வீட்ல இப்படி நடந்தா சிரிப்பீங்களா என்று பொறுக்காமல் திட்டினேன், அப்படியே அண்ணி மாதிரியே எழுதுறார்யா, இந்த வருஷத்துலயே இதுதான் உச்சம் என்கிறார்கள். அழுது எழுதினேன், அதற்கும் சிரிப்பு. திட்டத் திட்டச் சிரிக்கிறவர்களிடம் என்ன செய்வது. எட்மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை, புயல், விதி தெரியுமில்ல, முதல்ல சத்தம் அப்புறம் பேச்சு, சனிக்கிழமை அழிக்கிறது அழிக்கிறதுதான் என்று முடித்துவிட்டார். குரல் போனதற்கு என்ன சத்தத்தைப் போட்டுக் காட்டுவது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் வாயைத் திறந்து ஒன்று கேட்டேன், அதுவும் அவர் அடித்த ஜோக்கில் போய்ச் சேர்ந்தது. ஒரு பக்கம் அவர்மேல் ஆத்திரமாக வருகிறது, இன்னொரு பக்கம் அவர் இல்லாத இடத்திலும் அவர்தான் பேசுகிறார் என்று இத்தனை பேர் சந்தோஷப்படுகிறார்களே என்று இருக்கிறது. அதை நினைத்தால் இன்னும் தாங்கவில்லை.

அதனால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன் எறும்பு. உன் கப்பலில் இந்தக் குழுவெல்லாம் திறக்காது, எழுத்து மட்டும்தான் வரும் போகும் என்று தெரியும். எட்மாஸ்டரின் மின்னஞ்சல் முகவரியைத் தேடி எடுத்து இதோடு அனுப்புகிறேன். போன விடுமுறையில் பின்னறையில் அப்பாவுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாயே, அன்றைக்குப் போட்ட பதிவில் உன் குரலும் இருக்கிறது, உனக்கு வணக்கம் சொல்லி எட்மாஸ்டர்கூடப் பதில் போட்டிருக்கிறார், அதனால் உன்னை நம்புவார். நான்தான் இவர் மகள், அம்மா எழுதியது நாடகமில்லை என்று நாலு வரி எழுது, சனிக்கிழமைக்குள் எழுது. அப்பாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. சொன்னால் மிச்சம் இருப்பதும் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு யாரிடம் போய் நிற்பது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு நர்சம்மா காலம்தான் ஆற்றும் என்கிறாள், காலத்தைத் தூக்கிக் குப்பையில் போடு, எனக்குச் சனிக்கிழமை வரைக்கும்தான் இருக்கிறது.

மேலே உள்ளதை எழுதிவிட்டு அனுப்பாமல் விட்டேன், உன் கப்பல் கம்பெனியின் மின்னஞ்சல் முகவரியை எங்கே எழுதி வைத்தேன் என்று தேடுவதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது, இன்று ஞாயிறு. சனிக்கிழமை மத்தியானம் அவர் தூங்குகிறார் என்று நினைத்து, அழிப்பதற்குள் கேட்டுவிடலாம் என்று பின்னறையில் போய் ஸ்டூலில் உட்கார்ந்து பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழையவை மறைகின்றன, ஒன்றைத் தொட்டால் இந்தப் பதிவு நீக்கப்பட்டது என்று வருகிறது, அடுத்ததைத் தொட்டால் அதுவும். வேகவேகமாக அடுத்ததற்குப் போகிறேன், என் கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி இருந்தது. நிமிர்ந்தால் வாசலில் அவர் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்று தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அப்புறம் எங்கிருந்துதான் வந்ததோ அப்படி ஒரு கோபம், போனை அவர் கையில் திணித்து, உங்க ஆளுங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க, நீங்களே சொல்லுங்க இது நிஜம்தான்னு என்று கத்தினேன். நின்ற இடத்திலேயே படித்தார். படிக்கப் படிக்கத் தோள் குலுங்கியது, கழுத்துத்துணி படபடவென்று அடித்துக்கொண்டது, மூச்சு அடைத்துவிட்டது என்று பதறிச் சளி உறிஞ்சுகிற குழாயை எடுக்க ஓடினேன். திரும்பி வந்து முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறார். சத்தமே இல்லாமல், துணியை மட்டும் ஆட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். நான் அழுது எழுதினதற்கு.

அப்புறம் பலகையை எடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக அதில் எழுதினார், என்ன எழுதினார் என்று நினைக்கிறாய், அழிக்கட்டும் என்று எழுதினார். எனக்குக் கோபம் வந்ததே பார். உங்களுக்கு வேண்டாம்னா போங்க, எனக்கு வேணும், ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் பூனைக்கதை சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு என்கிட்ட ஒரு எழுத்து எழுதக் கை வரலை, எழுதினதும் அழிக்கட்டும்னுதானா, நான் எதை வெச்சுக்கிட்டு இருக்கிறது என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். உனக்குத்தான் என் பேச்சே பிடிக்காதே என்று எழுதினார். வாயை மூடுங்கன்னு சொல்றதுக்கும் வாயே வேண்டாம்னு சொல்றதுக்கும் வித்தியாசம் தெரியாதா, நான் சொன்னதை ஒன்றும் திருப்பி எடுத்துக்க மாட்டேன், நாளைக்குப் பேசினாலும் மூடுங்கன்னுதான் சொல்லுவேன், ஆனா பேசணும் என்றேன். சொல்லிவிட்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன், நிறுத்த முடியவில்லை. அவர் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், மறுபடியும் சுவர்தான் என்று நினைத்தேன்.

அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். கருவியைக் கழுத்தில் இங்கே வைக்கிறார், அங்கே வைக்கிறார், ர்ர்ர் என்று இரைகிறதே தவிர ஒன்றும் வரவில்லை, டீச்சரம்மா ஓரமாகத் தாடைக்குக் கீழே வைத்தது எனக்கு ஞாபகம் இருந்தது, கையைப் பிடித்து நகர்த்திவிட்டேன். வியர்த்து ஊற்றியது அவருக்கு. பக்கத்தில் இருந்த ஃபேனைப் போட்டுவிட்டார், எனக்கு வியர்வைக்காக என்றுதான் தோன்றியது, பிறகு பார்த்தால் போனில் பதிவை அமுக்கி ஃபேனுக்கும் கழுத்துக்கும் நடுவில் பிடித்தார். மேலிடம் சொல்றது உண்மை. அதைத்தான் சொன்னார். பாதி எழுத்து விழுந்துவிட்டது, எல்லாம் ஒரே இரைச்சலாக, ஒரே சுருதியில், இறக்கை உரசுகிற மாதிரி வந்தது, வேற்று ஆள் கேட்டால் புரியுமோ என்னவோ. எனக்குப் புரிந்தது. அதை அப்படியே ஒரு எழுத்தும் எழுதாமல் குழுவில் போட்டுவிட்டார்.

முதலில் எட்மாஸ்டர்தான், அழிக்கிறதை நிறுத்திட்டேன், அம்மா மன்னிக்கணும் என்று எழுதினார். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், ஐயோ தெரியாமல் போச்சே, மனசைத் தளர விடாதீங்க, எல்லாம் சரியாகும், பிரார்த்திக்கிறோம் என்று. நல்ல மனசோடுதான் எழுதினார்கள், ஆனால் ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க உங்கப்பா முகம் சுருங்கிக்கொண்டே வந்தது, நீ எழுதுகிற கடிதத்தை நான் படித்துக் காட்டும்போது சுருங்கும், அதே மாதிரி. கருவியைப் பெட்டியில் வைக்கப் போய்விட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது அந்தக் கண்டன்சர் பயல் எழுதினான். அண்ணே, மூணு தடவை கேட்டேன், பேரிங் நல்லாத்தான் இருக்கு, புது மோட்டார், ஓட ஓடப் பழகிடும், அது கிடக்கட்டும், மேலிடம் சொன்னதை நீங்க உண்மைன்னு ஒத்துக்கிட்டது இதுதான் முதல் தடவை, இந்தப் பதிவை மட்டும் யாரும் அழிக்கக்கூடாது, அப்புறம் அந்தப் பூனை எப்படி இருக்கு. உங்கப்பாவின் கழுத்துத்துணி மறுபடியும் படபடவென்று அடித்தது. பெட்டியிலிருந்து கருவியை எடுத்தார். பூனை பற்றிய பதிலைச் சொல்ல வரவில்லை, பூ என்பது வரவே மாட்டேன் என்கிறது, எரிச்சலில் பலகையை எடுத்து, திங்கட்கிழமை அந்த டீச்சர்கிட்ட போகணும், இவனுக்குப் பதில் சொல்லணும் என்று எழுதிக் காட்டினார்.

நாளைக்குப் போகிறோம். போவாரா, வாசலில் நின்று திரும்பிவிடுவாரா, எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை, சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறேன். ஒரு விஷயம் உன்னிடம் மறைக்க மாட்டேன். எட்மாஸ்டர் பழையதிலிருந்து ஆரம்பித்தார் என்று சொன்னேனே, அவர் நிறுத்துவதற்குள் நிறையப் போய்விட்டது. குரல் நன்றாக இருந்த காலத்தில் பேசினது எல்லாம் போய்விட்டது, மிச்சம் இருப்பதில் செருமல்தான் அதிகம். நீ முதன்முதலாகக் கப்பலுக்குக் கிளம்பின அன்று, எறும்பு, போறதுக்கு முன்னாடி இந்த ஸ்க்ரூ டிரைவரை எங்க வெச்சேன்னு சொல்லிட்டுப் போ என்று அவர் கத்தினது ஒன்றில் இருந்ததாம், பலகையில் எழுதிக் காட்டினார், அது இனி கிடைக்காது. திரும்ப எடுக்க வழியில்லை என்று எட்மாஸ்டர் சொல்லிவிட்டார். அதற்கு அவரும் அழுதார், நானும் அழுதேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், கால் வழுக்குகிற இடத்தில் பார்த்து நட, கடவுள் உன்னைக் கரை சேர்ப்பார், அம்மா அப்பா ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. எட்மாஸ்டருக்கு இனி எழுத வேண்டாம். அப்பாவுக்குத் தைரியமாக இருங்கள், கவலைப்படாதீர்கள் என்றெல்லாம் எழுதாதே, போதும். உன் சமையல்காரர் குறட்டை விடுவது, யாருடைய செருப்போ காணாமல் போனது, அப்படிக் கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல் எதையாவது எழுது. உன் இயந்திர அறையில் ஓடுகிற பெரிய ஃபேனின் சத்தத்தைப் பதிவு செய்து வைத்து, கரையேறின உடனே அவருடைய குழுவில் போடு, கோளாறு இல்லாவிட்டாலும் கண்டுபிடிப்பார்கள். மறக்காமல் ஒன்று செய். உன் பழைய போனில் அப்பா அனுப்பின குரல் செய்தி ஏதாவது இருக்கும், இடம் போதவில்லை என்று நீ எதையும் அழிக்காதே, திட்டினதாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
உன் அம்மா,
மேலிடம்.